அலைமேட்டுக்கு வந்த பிரயாணிகள்

பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் சரித்திரத்தில் ஏறிவிட்டன. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, 1948-இல் அலைமேடு பஞ்சாயத்து போர்டு சாதித்தது மட்டும் இன்னும் ஏறவில்லை. அந்த போர்டின் குமாஸ்தா என்ற முறையில் இந்தக் குறையை நீக்குவது என் கடமை.

எங்கள் தலைவர் மாணிக்கவாசகம் கோடைக்கு ஊட்டி போய்வந்தார். வெளியூரார் சும்மா நின்று மலையைப் பார்ப்பதையும், அதனால் ஊரே செழிப்பதையும் அங்கே கண்டார். வந்ததும் போர்டைக் கூட்டி, ஊட்டிக்கு மலை என்றால் அலைமேட்டுக்குக் கடல், ஆகவே பிரயாணிகள் வந்தே தீரவேண்டும் என்றார். கடல் திருவல்லிக்கேணியிலும் இருக்கிறதே என்று ஒரு மெம்பர் இழுத்தார். அது பழைய கடல் என்று தலைவர் தீர்ப்பளித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஒரே ஓர் இடைஞ்சல். கடலுக்கும் பிரயாணிகளின் கண்ணுக்கும் நடுவே ஒரு மீனவர் குப்பம் இருந்தது. கட்டுமரம், வலை, கருவாடு, குழந்தைகள் எல்லாம் மணலிலேயே கிடந்தன. தலைவர் இதற்கு 'அழகுக் குறைவு' என்று பெயர் வைத்தார். குப்பத்தாரின் 'நலனை' உத்தேசித்து, கடலுக்கு நாலைந்து மைல் தள்ளி ஆதம்பாக்கம் ஏரிக்கரையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மீன் விற்கும் கெங்கம்மா ஆபீஸுக்கே வந்து, ஏரியில் எந்தச் சுறாவைப் பிடிப்பது என்று கேட்டாள். தலைவர் அந்தக் கேள்வியை வெகுவாகப் பாராட்டி அவளை வெளியே அனுப்பினார். மறுவாரம் லாரிகள் வந்தன. அவள் புருஷன் மாசிலாமணி கடைசி லாரியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கடல் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனான்.

மணல் சுத்தமாயிற்று. பெஞ்சு போட்டோம். 'இங்கிருந்து கடலைப் பார்க்கவும்' என்று பலகை நட்டோம். பிரயாணிகள்தான் வரவில்லை. பெஞ்சு காலியாகத் தெரியக்கூடாதென்று நானும் பியூனும் முறைவைத்து உட்கார்ந்தோம்.

இந்த நிலையில் டில்லியிலிருந்து ஓர் அதிகாரி அபிவிருத்தியைப் பார்வையிட வந்தார். தமிழ் தெரியாதவர். காலையில் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரே ஜனக்கூட்டம். தலைவருக்கு வியர்த்துவிட்டது. குப்பத்தார், தாழம்புதரில் ஒளித்து வைத்திருந்த கட்டுமரங்களில் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

இவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். தலைவர் வேறு வழியின்றிக் கெங்கம்மாவிடம் கேட்டார்.

"ஆதம்பாக்கத்துலேந்து நடந்தே வர்றோம் நைனா. தெனமும்."

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. தினமும், கால்நடையாக, குடும்பத்தோடு வருகிறார்கள் என்று மொழிபெயர்த்தார். அதிகாரி அசந்து போனார். அப்படி என்ன கவர்ச்சி என்று விசாரித்தார்.

"இன்னா கேக்குறாரு? எங்க கடலு இங்கதான கீது. வேற எங்க போறது?"

இதற்கு ஈடான கடல் வேறெங்கும் கிடையாதாம் என்றார் தலைவர். அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

வலையை உதறிக்கொண்டிருந்த மாசிலாமணி நிமிர்ந்தான். "நாங்க இந்த ஊருதான்னு அவராண்ட சொல்லு சார்."

தலைவர் ஒரு கணம் யோசித்தார். இங்கே வந்தால் சொந்த ஊரில் இருப்பதுபோலவே இருக்கிறதாம் என்றார்.

இரண்டு மாதத்தில் மாகாணத்துக்கே முன்மாதிரி என்று எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. உற்சாகமடைந்த போர்டு, கடற்கரைக்கு வேலி போட்டு, வெளியூர்ப் பிரயாணிகளுக்கு நுழைவுச் சீட்டு என்றும் ஊராருக்கு இலவசம் என்றும் முடிவு செய்தது. திறப்பு விழாவன்று வாசலில் கூடையோடு நின்ற கெங்கம்மாவிடம் பியூன் சீட்டு கேட்டான். அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கடலைப் பார்த்தார். மாசிலாமணி மடியை அவிழ்த்து இரண்டு சீட்டு வாங்கினான்.

வெளியூராரை ஊருக்கு வரவழைக்க யாராலும் முடியும். ஊராரையே வெளியூராராக்க எங்கள் மாணிக்கவாசகம்தான் வேண்டும்.