என் மனைவிக்குக் குரல் கொடுத்த சலீம்

ஜூலை 12, சனிக்கிழமை. பிற்பகல் 2.00: மனைவியின் டப்லெட் கணினியிலிருந்த ஒலிப்பதிவுகள் யாவற்றையும் நீக்கினேன். 3.30: அவற்றை என் குரலில் பதிந்து முடித்தேன். 4.00: சலீமும் அவர் மனைவி நூர்ஜஹானும் வந்தனர். 4.10: அவமானப்பட்டேன்.

பொறாமைக்கு ஓய்வுபெறும் வயது கிடையாது. எனக்கு அது எழுபத்தொரு வயதில், ஒரு குரலின்மீது வந்தது.

பாரிசவாதம் என் மனைவி யோகத்தின் பேச்சைப் பறித்தபின், படத்தைத் தொட்டால் உரிய வசனத்தைச் சொல்லும் மென்பொருளொன்றை ஏற்றித் தந்தவர் சலீம். எவரும் திறந்து திருத்தலாம் என்று உலகுக்குப் பொதுவாக விடப்பட்டது அது. அதிலிருந்த தமிழ்க் குரல் சரியில்லையென்று தம் குரலையே பதிந்தும் தந்தார். துறைமுக வானொலி அறையில் முப்பது வருடம் கப்பல்களை அழைத்த குரல். (கப்பல்கள் ஏன் கீழ்ப்படிந்தன என்று விளங்கியது.) அன்றிலிருந்து என் மனைவி என்னைச் சாப்பிட அழைத்ததும், மருந்து கேட்டதும், "பக்கத்தில இருங்கோ" என்றதும் சலீமின் குரலில்.

"உங்கட குரலையும் போடலாம் சேர்," என்று அவரே சொல்லியிருந்தார். எந்தக் குரல் வேண்டுமென்று யோகத்திடம் நான் கேட்கவில்லை.

என்னுடையதோ ஆயுள் முழுதும் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திய வாய். ஒவ்வொரு வசனத்தையும் செந்தமிழாக்கி, இறுதியில் "முற்றுப்புள்ளி" என்றும் பதிந்துவிட்டேன். ஓரிடத்தில் பதிவை நிறுத்தாமல் முணுமுணுத்தது எனக்கே தெரியாது.

விருந்தினர் அமர்ந்ததும் யோகம் தேத்தண்ணிப் படத்தைத் தொட்டார்.

"தேநீர் அருந்துகிறீர்களா. முற்றுப்புள்ளி," என்றது என் குரல். தொடர்ந்து, "என்ர மனுசி அந்தக் கப்பல்காரன்ர குரலிலயோ கதைக்கிறது? சகிக்கேலாது."

சலீம் கதிரையின் கைப்பிடியை ஆராய்ந்தார். நூர்ஜஹான்தான் முதலில் வாய் திறந்தார்: "நாப்பது வருசமா இவர்ர குரலைக் கேட்டுக் களைச்சுப் போனன், அக்கா. இவரை நீங்களே வெச்சிக்கொள்ளுங்க."

யோகம் சிரித்தார். ஏழு மாதங்களில் அவர் தொண்டையிலிருந்து எழுந்த முதல் சத்தம். எவரும் பதிந்து கொடுக்காதது. (அதைக் கேட்க அன்று சலீமும் இருந்தார் என்பதில் எனக்கு இன்றும் வருத்தமுண்டு.) பிறகு அதே படத்தை மறுபடியும் தொட்டார். அந்தப் பதிவை அழிக்க விடவேயில்லை. மார்கழியில் யோகம் இறக்கும்வரை எங்கள் வீட்டுக்கு வந்த அனைவருக்கும் அவ்விதமே தேத்தண்ணி வழங்கப்பட்டது. லிங்கநகரில் மகள் வீட்டில் இப்போதும் "முற்றுப்புள்ளி" சொல்லித்தான் கோப்பையை நீட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள் அதை ஏதோ சமய வழக்கம் என்று நம்புகின்றனர்.

இன்னும் செய்யாதவை:

சலீமிடம் மன்னிப்புக் கேட்பது.

டப்லெட்டை, உப்புவெளியில் பேச்சிழந்திருக்கும் ஒரு மீனவருக்குக் கொடுப்பது.

அவருக்காகச் சலீமை மறுபடி பதியச் சொல்வது.

கொடுக்குமுன், யோகத்தின் விரல் பட்ட திரையைத் துடைப்பது.