தாட்சாயிணியின் மேல்வரிசை

“கல்யாணத்த ஆறு மாசம் தள்ளி வைக்கணும்” என்றாள் தாட்சாயிணி.

காட்டுப்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடம். சம்பந்தம் பேசி முடித்தபின் கைநனைக்கிற விருந்துக்கு வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட்டாள். சேக்காட்டிலிருந்து ஆட்டோவில் வந்த வழியெல்லாம் அவள் அம்மா மங்களம் ஓதிக்கொண்டே வந்தது இந்த ஒன்றைத்தான். “எது வேணா கேளு. கூறைப்புடவ கலர் கேளு, மேளக்காரன் யாருன்னு கேளு. தேதிய மட்டும் மாத்தச் சொல்லிடாதடி.”

மாப்பிள்ளையின் அப்பா கஜபதி பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சி பாதியில் நின்றது.

“இன்னாம்மா சொல்ற? பத்திரிக அச்சுல கீது.”

ஆடி மாதம் மண்ணூர்பேட்டைப் பள்ளத்தில் ஸ்கூட்டி இறங்கியபோது தாட்சாயிணிக்கு மேல்வரிசை முன்பல் மூன்று போயின. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். காலேஜ் ஃபீஸ் கவுன்ட்டரிலிருந்து தாசில்தார் ஆபீஸ் வரை வாயாலேயே வழி உண்டாக்கிக்கொண்டு போனவள். இப்போது அந்த வாயில் கழற்றி மாட்டுகிற பொய்ப்பல் தகடு ஒன்று உட்கார்ந்திருந்தது. பேசினால் இறங்கும். ‘ஸ்’ வந்தால் விசிலடிக்கும். சிரித்தால் அவள் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் சிரிக்கும். ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற வேலையைப் பக்கத்து சீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இவள் மெயில் மட்டும் அடித்தாள். சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கினாள். விழுங்கியதெல்லாம் உள்ளே கிடந்து எரிந்தது.

பல் டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. “இதையே இன்னும் கொஞ்சம் இறுக்கமா செஞ்சு தரலாம். ஆனா உங்க தாடை உடைஞ்சிருக்கிற லட்சணத்துக்கு ஆடத்தான் ஆடும். இல்லன்னா எலும்புல ஸ்க்ரூ வெச்சு நிரந்தரமா கட்டலாம். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்த இடத்துல எதையும் மாட்டக் கூடாது. ரொம்ப நாள் விட்டா எலும்பு கரைஞ்சிடும்.”

அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “ஓட்ட வாயோட மணையில உக்காருவியா? பொண்ணு பாக்க வந்தப்பவே தகட்டப் போட்டு மறைச்சாச்சு, இப்பத் தெரிஞ்சா விடுவாங்களா? கல்யாணம் முடியட்டும். அப்புறம் ஸ்க்ரூவோ நட்டோ முடுக்கிக்கோ.”

கல்யாணம் முடிந்தால் தன் வாய்க்குள் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு வீடே வரிசையில் நிற்கும் என்பது தாட்சாயிணிக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

மங்களம் அவசரமாகச் சிரித்தாள். “ஆபீஸ்ல ஏதோ ட்ரெயினிங்காம் சம்மந்தி. பெங்களூருல.”

“ட்ரெயினிங்கா?” மாப்பிள்ளை ஸ்ரீராம் போனை எடுத்தான். “உன் மேனேஜர் என் கூடப் படிச்சவன்தான். ஒரு வார்த்த சொன்னா வேற ஆள அனுப்பிடுவான். இரு.”

“ஐயோ, வேணாம் தம்பி!” அப்பா பச்சையப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தொழிற்சாலையில் ராணுவ டாங்கி செய்த மனிதருக்குப் பொய் செய்ய வராது. “ட்ரெயினிங் எல்லாம் இல்ல... வேண்டுதல். ஆமா, வேண்டுதல். பொண்ணு விரதம். ஆறு மாசம் கவுச்சி தொடக் கூடாது. கல்யாணமும் கூடாது.”

“கவுச்சி தொடக் கூடாதா?” கஜபதி எச்சில் இலைகள் பக்கம் திரும்பினார். “இப்பத்தான நல்லி எலும்ப வெச்சிகினு குந்தியிருந்துச்சு?”

வருகிற மருமகளுக்கென்று, அந்த வீட்டை நடத்துகிற கஜபதியின் அக்கா ஞானம்மாள் குண்டானில் துழாவி எடுத்துப் போட்ட எலும்பு அது. கடித்திருந்தால் தகடும் கூடவே வந்திருக்கும். கையில் பிடித்தபடியே நேரத்தைக் கடத்திவிட்டு இலையை மடித்துவிட்டாள்.

“கடிக்கல. புடிச்சிகினு மட்டும் இருந்தேன்” என்றாள் தாட்சாயிணி.

“விரதத்துல புடிச்சிக்கலாமா?” ஸ்ரீராம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“விரதம் நாளையிலேர்ந்துதான் மாப்ள!” என்றாள் மங்களம்.

“இன்னும் ஆரம்பிக்காத விரதத்துக்கு நான் மண்டபத்த உடணுமா?” கஜபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோயில் பூசாரி நம்ம ஆளு. ஒரு எலுமிச்சம்பழத்த சுத்திப் போட்டா தீந்துது. இப்பவே வரச் சொல்லவா?”

பூசாரி வந்தால் எந்தச் சாமிக்கு என்று கேட்பார். அதை இன்னும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

கஜபதியின் குரல் இறங்கியது. “பச்சையப்பா, ஒளிக்காம சொல்லு. பொண்ணு வேற எவனையாச்சும் மனசுல வெச்சிகினு கீதா?”

பச்சையப்பனின் முகம் செத்துப்போனது. அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்ததும் தாட்சாயிணிக்கு எல்லாமே வெறுத்துப்போயிற்று. இத்தனை பொய்யும் மூன்று பல்லுக்காக. அந்தப் பல்லும் அவளுடையது இல்லை.

வாய்க்குள் விரலை விட்டாள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். தகட்டை எடுத்து டீப்பாய் மேல் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இவன்தான் ஆளு” என்றாள். “இவன விட்டுத் தொலைக்கத்தான் ஆறு மாசம் கேட்டேன்.”

“போச்சு, எல்லாம் போச்சு!” என்று மங்களம் பாய்ந்து, துணியில்லாமல் நிற்பவரை மூடுவதுபோல முந்தானையால் தகட்டை மூடினாள்.

தாட்சாயிணி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளம், தாடை, ஸ்க்ரூ, ஆறு மாசம். வார்த்தைகளில் காற்று கலந்துதான் வந்தது. ஆனால் எதுவும் கீழே விழுந்துவிடுமோ என்ற பயமில்லாமல் வந்தது.

கஜபதி மகனைப் பார்த்தார். மகன் அத்தையைப் பார்த்தான். அத்தை இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா இம்மாம் கூத்து?” கஜபதி சிரித்தே விட்டார். “பல்லுதானம்மா, கையா காலா? எங்களுக்கு ஒண்ணுமில்ல. அதே தேதில ஆவட்டும்.”

மங்களம் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். தாட்சாயிணிக்குக்கூடக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நல்ல மனுஷர்களைப் போய் என்னென்னவோ நினைத்துவிட்டோமே.

“அப்ப ரொம்ப சுலபம் மாமா. நான் ஓட்டப் பல்லோடவே மணையில உக்காந்துக்கறேன். இந்த வாரமே ஸ்க்ரூ வெச்சிக்கறேன். தேதியும் மாற வேணாம்.”

கூடத்தில் சிரிப்பு அடங்கியது.

“ஸ்க்ரூ இன்னாத்துக்கும்மா?” என்றார் கஜபதி. “மாட்டிகினு கீறதே லட்சணமா கீதே.”

“அழகுக்குக் கேக்கல மாமா. இதப் போட்டா என்னால பேச முடியல.”

“பேசி இன்னா ஆவணும்?” என்றான் ஸ்ரீராம். அன்பாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. “எனக்கு நீ இப்படியே போதும்.”

அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். முகத்தில் கெட்டது ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் இந்த முகத்துக்கு முன்னால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து போனது.

“எனக்குப் போதாது” என்றாள்.

போனை எடுத்தாள். “டாக்டர், தாட்சாயிணி பேசறேன். திங்கக்கிழம வரேன். ஸ்க்ரூதான்.” அப்பா பக்கம் திரும்பினாள். “பத்திரிகைய நிறுத்தச் சொல்லுங்கப்பா.”

தகட்டை எடுக்கவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

மங்களம் பின்னாலேயே ஓடிவந்து தோளைப் பிடித்தாள். “அடிப்பாவி, பல்லில்லன்னு தெரிஞ்சும் ஏத்துக்கறாங்கடி! இந்தக் காலத்துல யாருக்குடி இவ்ளோ பெரிய மனசு வரும்?”

தாட்சாயிணி கையை விலக்கிவிட்டுப் படியிறங்கினாள். உள்ளே ஞானம்மாள் எச்சில் இலைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“போவ உடுடா கஜபதி. படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தின்னு அக்கம்பக்கத்துல சொன்னப்பவே வேணாம்னுதான இருந்தோம்? பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு அந்த மேல்வரிச ஆட்றதப் பாத்துட்டு, சரி, இது இனிமே வாயத் தொறக்காதுன்னு நான்தான சம்மதம் சொன்னேன்!”