ராஜா போட்ட கையெழுத்து

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குக் கடைசித் தேதி நாலே நாளில். அரியூர் இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு பெயர்கூடச் சேரவில்லை. "ஒருத்தரையாவது சேக்கலன்னா தலைவர் பதவியே வேணாம்" என்று தலைமையாசிரியரிடம் மார்தட்டிவிட்டு வந்த தெய்வசிகாமணி அவசரமாக மன்றத்தைக் கூட்டினார். நாற்பத்தாறு வயதில் இளைஞர் மன்றத் தலைவராக இருப்பது லேசான காரியமா?

"கைநாட்டு ராஜா படிக்கக் கெளம்புற மாதிரி நாடகம் போடலாம். பசங்களுக்கு உணர்ச்சி வரும்!" என்றார்.

"நாடகத்துக்கு எவன்ணே வருவான்? நம்ம நவீன்குமார ராப் பாடச் சொல்லலாம்" என்றாள் மன்றச் செயலாளர் சரண்யா. திருபுவனைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்த கையோடு நவீன்குமார் வந்து நின்றான்.

முப்பது வருஷமாக ராஜா வேஷம் கட்டும் சாமிக்கண்ணு ஒத்திகையிலேயே கிரீடத்தைக் கழற்றிவிட்டார். "நான் பாட்டெடுத்தா இவன் நடுவுல வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். என்னால ஆவாதுபா!"

"அப்ப நீங்கதாண்ணே ராஜா" என்று தெய்வசிகாமணி பக்கம் திரும்பினான் நவீன். "பேனருக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குடுங்க."

"பேனருக்கு எதுக்குடா அவ்ளோ சின்னது?"

"பெருசு பண்ணிக்கலாம்ணே. ஆதாரும் வேணும், மைக் செட்டுக்குக் கேக்குறாங்க."

மைக் செட்டுக்கு ஆதாரா? தெய்வசிகாமணிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கொடுத்தார்.

"நீங்க எந்த ஸ்கூல்ணே?" என்று சரண்யா கேட்டபோது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நாடகத்தன்று சாயங்காலம் கோயில் திடலில் நல்ல கூட்டம். நவீன் மைக்கைப் பிடித்தான்.

"தலைமேல கிரீடம், தலைக்குள்ள இன்னா?
பேப்பரப் பாத்து ஓடுனா ராஜாவா நீ, அண்ணா?"

விசில் பறந்தது. தெய்வசிகாமணிக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "படிப்பேன்! இது சத்தியம்!" என்று கர்ஜித்தார். சரண்யா ஒரு தாளை மடித்து நீட்டினாள்.

"ராஜா பேரு போடவா?" என்று கிசுகிசுத்தார்.

"உங்க பேரே போடுங்கண்ணே, நேச்சுரலா இருக்கும். இனிஷியலோட."

எந்த ராஜாவுக்கம்மா இனிஷியல்? ஒன்றும் புரியாமலே போட்டார்.

நாடகம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். "யாராச்சும் பேர் குடுத்தாங்களாடா?"

"ஒருத்தர் குடுத்துட்டாருண்ணே."

"அப்பாடா! யாருடா அந்த நல்ல புள்ள?"

நவீன் அந்தத் தாளைக் காட்டினான். தனித்தேர்வு விண்ணப்பம். மூலையில் பாஸ்போர்ட் சைஸில் தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய ஆதார் எண், இனிஷியலோடு கையெழுத்து.

"டேய், இது ஊருல படிக்காத பசங்களுக்குடா!"

மன்றத்தைப் பெருக்கும் காசம்மாள் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டே சொன்னாள்:

"எந்தப் பசங்க தலைவரே? ஊர்லயே பத்து தாண்டாதது நீ ஒருத்தன்தான். நானே போன வருசம் பாஸ் பண்ட்டேன்!"