பி-ன்னா பெஸ்ட்

"ரிசல்ட்டு வந்துட்டு! ஏ..."

மாரிராஜ் ஆபீஸிலிருந்து போனில் கத்தினான். கல்லூரி வாசலில் நின்றிருந்த இசக்கிசெல்விக்கு அவ்வளவுதான் கேட்டது. மீதியை முத்தையாபுரம் சாலையில் போன உப்பு லாரியின் ஆரன் விழுங்கிவிட்டது. மீதி யாருக்கு வேண்டும்? அவளுக்குத் தேவையான எழுத்து கிடைத்தாயிற்று. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கல்லூரியைத் தர மதிப்பீடு செய்ய வந்த குழுவை வரவேற்று, சுற்றிக் காட்டி, வழியனுப்பியதெல்லாம் ஒருங்கிணைப்பாளரான அவள்தான். 'ஏ' கிரேடு நிச்சயம் என்று அன்றிலிருந்தே சொல்லி வந்தாள். தாளாளர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியும், "ரிசல்ட்டு மட்டும் நல்லா வரட்டும், வேலைய நிரந்தரமாக்கித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மே மாதமும் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரும் தற்காலிக ஆசிரியைக்கு அதைவிடப் பெரிய வாக்கு உண்டா?

நேரம் பார்த்து அண்ணாச்சியின் கார் வந்து நின்றது.

"அண்ணாச்சி, நமக்கு ஏ!"

இறங்க ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றார். "ஏ-யா? நெசமாத்தான் சொல்லுதியளா? நல்லாப் பாத்தாச்சா?"

"கண்ணால பாத்த மாதிரி சொல்லுதேன் அண்ணாச்சி."

அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ஏலே செந்தூர்வேலு, வண்டிய எடு. பிள்ளையளுக்கெல்லாம் மக்ரூன் வாங்கிட்டு வா!" என்று டிரைவரை விரட்டினார்.

இசக்கிசெல்வி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தாள். மாரிராஜ் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னல, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

"பி வந்தா வேற எப்படிக் கெடக்கும்?"

"எது பி? நீதானல ஏ-ன்ன?"

"நான் 'ஏ யக்கா, பி வந்திருக்கு'ன்னுல்லா சொன்னேன். நீங்க ஏ-யோட போன வச்சிட்டிய!"

இசக்கிசெல்வி நாற்காலியில் சரிந்தாள். ஆனால் சரிந்தே கிடக்கிற ஆள் இல்லை அவள். வணிகவியல் வகுப்பில் நட்டக் கணக்கைக்கூட மாணவர்கள் சிரித்துக்கொண்டே எழுதும்படி நடத்துகிறவள். வெளியே மக்ரூன் பெட்டிகள் வந்து இறங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு தாளாளர் அறைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு சின்னத் திருத்தம். ஏ இல்ல, பி."

அண்ணாச்சியின் முகம் வாடிப் போயிற்று. மேசையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "பி-ன்னா என்னம்மா?"

தெரியாமல் கேட்கிறார்! இசக்கிசெல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பி-ன்னா பெஸ்ட்டு அண்ணாச்சி."

"அப்போ ஏ?"

"ஏ-ன்னா ஆவரேஜு. சுமாரு."

"சி-ன்னு ஒண்ணு உண்டுமா?"

"உண்டு. அதப் பாத்தா நாமளே 'சீ'ன்னு சொல்லிருவோம்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த விளக்கத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டே அவளிடம் கேட்டார்:

"தங்கதுரை காலேஜுக்கு ஏ-தான?"

தங்கதுரை அவருடைய மச்சினன். ஆழ்வார்திருநகரியில் கல்லூரி நடத்துகிறவர். கல்யாணப் பந்தி முதல் கார் வரைக்கும் இருவருக்கும் போட்டி. இசக்கிசெல்வி போனைத் தடுக்கக் கை நீட்டினாள்.

"அவங்ககிட்ட இப்ப எதுக்கு அண்ணாச்சி..."

"மாப்ள!" அண்ணாச்சி பேச ஆரம்பித்துவிட்டார். "ஒனக்கு ஏ-யாமே? மனச விட்டுராத. ஆவரேஜுன்னாலும் பாஸுதான? எங்களுக்கா? பெஸ்ட்டுல்லா! நான் சொல்லலடே, படிச்ச பிள்ள, எங்க இசக்கிசெல்வி மேடம் சொல்லுதாவ. அடுத்த தரம் நல்லா முயற்சி பண்ணு, என்ன?"

போனை வைத்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. உடனே மாரிராஜைக் கூப்பிட்டார்.

"முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்புல பெரிய ஃபிளெக்ஸ் வைக்கணும். 'பி-ன்னா பெஸ்ட்'. பக்கத்துல மேடம் போட்டோ."

"போட்டோ வேண்டாம் அண்ணாச்சி!"

"ஏன் வேண்டாம்? நீங்கதான கண்டுபிடிச்சிய? நாளைக்கு டிரஸ்ட் கூட்டத்துலயும் நீங்களே எந்திரிச்சு இத வெளக்கிச் சொல்லணும்."

கையோடு வேலை நிரந்தர ஆர்டரை அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

எத்தனை வருடக் கனவு! அது கைக்கு வந்தபோது இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஏ, பி, சி, டி படித்த எல்கேஜி பிள்ளைகூட அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துச் சிரிக்குமே. தன்னை நம்பிய வெள்ளந்தி மனுஷனைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே! வேலை போனால் போகட்டும், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று ஓடினாள்.

சாப்பாட்டு அறை வாசலில் செந்தூர்வேல் நின்று மக்ரூன் தின்றுகொண்டிருந்தான்.

"வழிய விடு செந்தூர்வேலு. ஏ எது, பி எதுன்னு தெரியாத மனுசர நான் ஏமாத்திட்டேன். ஆர்டரத் திருப்பிக் குடுக்கப் போறேன்."

செந்தூர்வேல் கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"நல்லாருக்கே மேடம்! ரிசல்ட்டு வருமுன்னயே அந்த மச்சினரு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, நேத்தே போனப் போட்டு, 'ஒங்களுக்கு பி-யாமே'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. திருப்பி என்ன சொல்லதுன்னு தெரியாமப் பட்டினி கெடந்த மனுசன், நீங்க சொல்லிக் குடுத்த பொறவுதான் சோத்துல கைய வச்சிருக்காவ!"