எக்ஸிட் அண்ணை தேர்ந்தெடுத்த மூன்றாவது பாதை

லண்டனில் எந்தக் கட்டடத்திலிருந்தும் வெளியே ஓடும் வழி எக்ஸிட் அண்ணைக்குத் தெரியும். உள்ளே போகும் வழியைத்தான் அக்கா கையைப் பிடித்துக் காட்டவேண்டும். அக்கா என்றால் அவர் மனைவி.

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பிறந்தநாள் விழாவுக்குப் போனால் கேக்கைப் பார்க்குமுன் அண்ணை அவசரக் கதவைத் தேடுவார். ஒருமுறை அதைத் திறந்து பார்த்து, அலாரம் அடித்து, மண்டபமே தெருவில் நின்றது. "வடிவா வேலை செய்யுது" என்று திருப்தியோடு திரும்பி, கதவருகே இரண்டு கதிரை போட்டார். ஒன்று அக்காவுக்கு. போர்க்காலத்தில் ஊரில், ஒரேயொரு வாசல் இருந்த பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தபோது உள்ளே இருந்தவர் அண்ணை. அதனால் நாங்கள் கொஞ்சம் அளவோடுதான் சிரிப்போம்.

முப்பது வருடமாக எதுவும் கேட்காத அக்கா, ஒருநாள் டிவியில் ஐஸ்லாந்து எரிமலையைக் கண்டு வாயைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, உந்த மலையை ஒருக்கா நேரில பாக்கவேணும்."

"பாப்பம். முதல்ல திரும்பி வாற வழியைப் பாப்பம்."

அங்கே போக மூன்று நடைபாதைகள். அண்ணை சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். முதலாவது கிட்டத்தான், ஆனால் பள்ளத்தில் இறங்குகிறது. நச்சுப்புகை அங்கேதான் தேங்குமாம். இரண்டாவதில் லாவா திரும்பினால் பாதை மூடிவிடும். மூன்றாவது நீளம், ஆனால் மேடு, காற்றும் முதுகுப் பக்கம். "இதுதான்!" என்றார். அதோடு விட்டாரா? ஒத்திகை வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் அக்காவை ஆர்ச்வே மேட்டில் முருகன் கோயில்வரை நடத்தினார். கையில் ஸ்டாப்வாட்ச். துணைக்கு நான்.

"இந்த வேகம் காணாதப்பா! லாவா வந்தா என்ன செய்வீர்?"

"உங்களோட நடந்தா லாவாவே களைச்சு நிண்டிடும். டிக்கெட்டைப் போடுங்கோ."

ஐந்தாவது சனிக்கிழமைக்கு முன்னரே எரிமலை அடங்கிவிட்டது. "அடுத்தமுறை பாப்பம்" என்று அக்கா சிரித்தார். அடுத்தமுறை மலை வெடித்தபோது அக்கா இல்லை. மாரடைப்பு. வீட்டிலேயே, பட்டப்பகலில், முன்கதவும் பின்கதவும் திறந்திருக்கவே போய்விட்டார்.

அண்ணை டிக்கெட் போட்டார்; அவரைத் தனியே விட மனம் வராமல் நானும் ஐஸ்லாந்து போனேன். அதே மூன்றாவது பாதை. அண்ணையின் தோளில் அக்காவின் சால்வை. மேட்டில் நின்று பார்த்தால் எதிரே மலை நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று காற்று திரும்பியது. காவலர்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். எல்லாரும் இறங்கினார்கள். அண்ணை மட்டும் அசையவில்லை.

"அண்ணை, வாங்கோ, புகை வருது!"

"பொறு தம்பி. அவ இன்னும் பாத்து முடியேல்ல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன். 

இப்போதும் விழாக்களில் கதவருகே இரண்டு கதிரை போடுகிறார். ஒன்றில் சால்வை இருக்கும். அதில் யாரையும் இருக்க விடமாட்டார். போன மாதம் பக்கத்து ஊர் குட்மேய்ஸில் ஒரு விழா. என்னைக் கண்டதும் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இரு தம்பி" என்றார்.

அந்தக் கதிரையில் இருந்தேன். கடைசி ஆள் போகும்வரை எழும்பவில்லை.