அரளிப்பூ அண்ணியின் பாட்டுக் கணக்கு

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, எழுநூற்று நான்கு பாகங்கள் ஓடி முடிந்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் மொத்தம் எத்தனை பாட்டு வருகிறது என்று கண்டறிந்து பட்டியலிடும் பொறுப்பு கண்காணிப்பாளர் ராஜையனிடம் ஒப்படைக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

ராஜையன் வேலை பார்த்தது கால்வாய் மற்றும் கரைகள் துறையில். குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அதன் உபகோட்ட அலுவலகம் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்பது விவசாயிகளின் கவலை. அலுவலகத்தின் கவலை கால்வாய்க் கரையில் நின்ற பழைய பங்களா. தேக்குத் தூண்கள், ஓட்டுக்கூரை, முன்னால் அரை ஏக்கர் புல்வெளி. படப்பிடிப்புக்கு அதை வாடகைக்கு விடுவார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. வசனக் காட்சிக்கு ஒரு மடங்கு கட்டணம், பாட்டுக் காட்சிக்கு இரண்டு மடங்கு. வசனம் பேசுகிறவர்கள் நின்ற இடத்தில் நின்று பேசுவார்கள், பாடுகிறவர்கள் ஓடுவார்கள், புல் மிதிபடும் என்று அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு பொறியாளர் நினைத்திருக்கிறார். அவர் போய்விட்டார். விதி இருக்கிறது.

'அரளிப்பூ அண்ணி' என்ற தொடரை எடுத்தவர்கள் அந்தப் பங்களாவைக் கதாநாயகியின் மாமியார் வீடாக வைத்துக்கொண்டார்கள். வசனக் காட்சிக்கு உரிய கட்டணத்தை மட்டும் கட்டினார்கள். அனுமதிக் கோப்பில் முதல் கையெழுத்து ராஜையனுடையது. அவருக்கு மேலே நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் தவறு என்று வந்தால் கோப்பைக் கீழேயிருந்து படிப்பதுதான் முறை.

தணிக்கை அலுவலர் சுயம்புராஜ் எழுதினார்: "மேற்படி தொடரில் பாடல்களும் இடம்பெற்றுள்ளதாகப் பொதுமக்கள் வாயிலாக அறிய வருகிறது. அனைத்துப் பாடல்களையும் இனங்கண்டு, பாகம் வாரியாகப் பட்டியலிட்டு, அரசுக்கு ஏற்பட்ட இழப்பினை அறுதியிடுமாறு பணிக்கப்படுகிறது. இத்தணிக்கைத் தடை நிவர்த்தியாகும் வரை தொடர்புடைய பணியாளரை ஓய்வு பெற அனுமதிக்க இயலாத நிலை ஏற்படும்."

ராஜையனின் மகள் ஜினிஷா மஸ்கட்டில் இருந்தாள். ஜூன் இரண்டாம் வாரம் அவளுக்கு முதல் பிரசவம். ராஜையனும் மனைவி ராகேலும் ஜூன் நான்காம் தேதி கிளம்ப டிக்கெட் எடுத்தாயிற்று. விசாரணையில் சிக்கிய அரசு ஊழியர் அனுமதியில்லாமல் தாலுகா எல்லையைத் தாண்ட முடியாது. கடலைத் தாண்டுவது எப்படி?

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டார்.

"ஏட்டி, அந்த அரளிப்பூ நாடகம் ஓடினப்ப நீ பாப்பியா?"

"ஏழரைக்கு குடும்ப ஜெபம். எட்டுக்கு அது. பின்னே பாக்காமலா?"

"அதுல எத்தனை பாட்டு வரும்?"

ராகேல் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "முப்பது வருசமா ஒரு நாள் எனக்க கூட இருந்து பாத்தியளா? இப்ப பாட்டு எண்ண வந்துட்டிய."

"சர்க்கார் எண்ணச் சொல்லுது."

"சர்க்காரு என்னத்தையும் சொல்லட்டும். நான் ஒத்தையில மஸ்கட்டுக்குப் போவேன்னு மட்டும் நினைக்காதீங்க. எனக்கு ஏரோப்பிளேன்ல பெல்ட்டு மாட்டத் தெரியாது."

மறுநாள் பணி தொடங்கியது. முதல் சிக்கல், எங்கே பார்ப்பது என்பது. அலுவலக நேரத்தில் வீட்டில் பார்த்தால் விடுப்பு. அலுவலகத்தில் பார்த்தால் ஒழுங்கீனம். எனவே அது 'காட்சிவழிக் கள ஆய்வு' என்று பெயரிடப்பட்டது. ஆய்வுக்குத் தேவையான ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி, வெள்ள முன்னெச்சரிக்கைத் தலைப்பில் வாங்கப்பட்டது.

தட்டச்சர் சபிதா உதவிக்கு அமர்த்தப்பட்டாள். கதாநாயகி உடுத்துகிற மாதிரி முழங்கை வரை பூவேலை செய்த ரவிக்கையும், அரளிப்பூ நிறத்தில் சேலையுமாக வந்தாள். அந்த வருடம் மாவட்டத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். மீதிப் பாதி தையல்காரரிடம் முறை வைத்துக் காத்திருந்தார்கள். பாட்டைக் கேட்டவுடனே அது இன்ன பாட்டு என்று சொல்லும் செயலி ஒன்றும் அவள் செல்போனில் இருந்தது. ஒன்பதாம் பாகத்தில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டபோது, செயலி அதைக் காதில் வாங்கி, ஏதோ ஒரு குளிர் நாட்டின் அறுவடைப் பாட்டு என்று அறிவித்தது. 'அயல்நாட்டுப் பாடல் - ஒன்று' என்று பதிவானது.

பதினான்காம் பாகத்தில் கதாநாயகி பங்களாவின் கிணற்றடியில் நின்று அழுதாள்.

"சார், இது பாட்டா?" என்றாள் சபிதா.

"வாய் அசையுதா?"

"அசையுது. ஆனா சொல்லு ஒண்ணும் இல்ல. ம்ம்ம்ம்னு முனங்குகா."

"சொல்லு இல்லேன்னா வசனமும் இல்லியே."

"அப்ப எந்தக் கட்டணம்?"

ராஜையன் தெளிவுரை கேட்டுச் சென்னைக்கு எழுதினார். நான்கு வாரம் கழித்துப் பதில் வந்தது. "பாடல் என்பது பாடப்படுவது ஆகும். இப்பொருள் குறித்து இனித் தெளிவுரை கோரலாகாது."

வில்லி அண்ணி தொட்டிலை ஆட்டியபடி, 'தூங்கு கண்ணே தூங்கு, சொத்து என் பேருக்கு வந்தபின் விழித்துக்கொள்' என்று ராகத்தோடு மிரட்டினாள். பாதி தாலாட்டு, பாதி வசனம். ஒன்றரை மடங்கு போடப்பட்டது. கதாநாயகனின் செல்போன் பாட்டாக ஒலித்தது. கூப்பிட்டவர் பாடினாரா, எடுத்தவர் பாடினாரா என்று தெரியாததால் இருவர் பெயரும் எழுதப்பட்டன.

மிகப் பெரிய சிக்கல் தொடக்கப் பாட்டு. அதில் கதாநாயகி புல்வெளியில் ஓடிவருவாள். எழுநூற்று நான்கு பாகத்திலும் அதே ஓட்டம். இதை ஒன்று என்று எழுதுவதா, எழுநூற்று நான்கு என்று எழுதுவதா? கோப்பு உதவிச் செயற்பொறியாளர் வைகுண்டராஜனிடம் போனது.

"அவ ஓடும்போது புல்லு மிதிபடுதா, இல்லியா?" என்றார் வைகுண்டராஜன்.

"ஒரு நாள் எடுத்ததைத்தான் சார் தினமும் காட்டுகானுவ."

"தினமும் மிதிபடுகது கண்ணுக்குத் தெரியுதா ஓய்?"

"தெரியுது."

"அப்ப தினமும் எழுதும்."

தினமும் எழுதினார். ஏப்ரல் முடிவில், அந்தப் புல்வெளி இதுவரை ஊரில் நடந்த திருவிழாக்கள் எல்லாவற்றையும்விட அதிகம் மிதிபட்டிருந்தது. பங்களாவின் முன்னால் அது பச்சைப்பசேல் என்று கிடந்தது. மாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

இதற்குள் அலுவலகத்தின் மற்றப் பணிகள் தாமாகவே நின்றுபோயிருந்தன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு வந்த விவசாயிகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எபிசன் என்ற வாழை விவசாயி மட்டும் முதல் நாள் கொஞ்சம் சத்தம் போட்டார்.

"வாழை கருகிக் கிடக்கு, நீங்க நாடகம் பாத்துட்டு இருக்கியளா?"

"இது ஆய்வு. மனுவை வச்சிட்டுப் போங்க" என்றார் ராஜையன்.

எபிசன் போகவில்லை. ஒரு பாகம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "சாரே, அந்தச் சின்ன மருமவ கண்ணு தெரியாதவளா, இல்ல நடிக்காளா?"

"அது நூற்றிநாப்பதுல தெரியுமாம்."

எபிசன் நூற்று நாற்பதாம் பாகத்துக்கும் வந்தார். மனு சட்டைப்பையிலேயே இருந்தது.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி முந்நூற்றுப் பதினெட்டாம் பாகம் வந்தது. கல்யாணக் காட்சி. கல்யாணம் என்றால் பாட்டு இருந்தே தீரும் என்பதால் தானே நேரில் பார்க்க வேண்டும் என்று தணிக்கை அலுவலர் சுயம்புராஜ் வந்துவிட்டார். நடுநாற்காலியில் அவர், பக்கத்தில் வைகுண்டராஜன், பின்னால் அலுவலகம் முழுவதும்.

பங்களா முற்றத்தில் தோவாளைச் சந்தைப் பூவாகத் தொங்கியது. தாலி கட்டியதும் கூட்டம் கைதட்டிப் பாடியது. அடுத்து பந்தி. கேமரா இலைகளின் மேல் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது இலையில் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவர் வைகுண்டராஜன். அவருக்கு எதிர்ப்பந்தியில் சபிதா. பந்தி விசாரித்துக்கொண்டு போனவர் அலுவலக ஓட்டுநர் வினோஜ். அப்புறம் மணமக்களைச் சுற்றி நின்று பாடுகிற கூட்டத்தைக் காட்டினார்கள். முதல் வரிசையில், தோளில் சரிகை நேரியல் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, மற்ற எல்லாரையும்விட வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தவர் சுயம்புராஜ்.

யாரோ ரிமோட்டைத் தட்ட, அவர் திறந்த வாயோடு திரையில் நின்றுவிட்டார்.

ராஜையனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. புதன்கிழமை, வேலை நாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம், டெலிபோன் வந்தால் எடுக்க ஒரு ஆள் வேண்டும், நீங்கள் இருங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சாயங்காலம் வரை தனியாக இருந்தார். சுயம்புராஜ் அந்த வாரம் ஆவணத் தணிக்கைக்கு வந்திருந்தார். படம் பிடிக்கப்பட்டது அவருக்கும் தெரிந்திருக்கும், ஒளிபரப்பானதுதான் மறந்திருக்கும்.

முப்பத்தாறு வருட வேலையில் முதல்முறையாக, ஒரு அறையில் தான் மட்டும் தப்புச் செய்யாதவன் என்பதை ராஜையன் உணர்ந்தார். இனி தடையாவது, நிலுவையாவது. மனத்துக்குள் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, ராகேலுக்குப் பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

சுயம்புராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அனுமதி ஆணையில் ஏழாவது நிபந்தனை என்ன?"

ராஜையனுக்கு மனப்பாடம். "படப்பிடிப்பு நடக்கும்போது துறை அலுவலர்கள் நேரில் இருந்து கண்காணிக்க வேண்டும்."

"கண்காணித்திருக்கிறார்களா?"

வைகுண்டராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு முன்னால தெரியுதே சார். மொத்த ஆபீசும் சைட்ல இருந்திருக்கு. நாடு முழுக்கப் பாத்திருக்கு."

"தணிக்கையும் உடனிருந்து சரிபார்த்திருக்கிறது" என்றார் சுயம்புராஜ். "இந்தப் பாட்டைப் பாடியவர்கள் அரசு அலுவலர்கள். ஆக, இது அரசுப் பாட்டு. கட்டணம் எழாது. அலுவலர்கள் கண்காணித்த மற்றப் பாட்டுகளுக்கும் அதே. பட்டியலில் அப்படியே எழுதுங்கள்." பிறகு திரும்பினார். "நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் ராஜையன்? நான் பார்க்கவில்லையே."

"நான் அதுல இல்ல சார். ஆபீஸ்ல இருந்தேன்."

"ஆதாரம்?"

"வருகைப் பதிவேட்டுல எனக்க கையெழுத்து இருக்கு."

"எங்க எல்லாருக்க கையெழுத்தும்தான் இருக்கு" என்றார் வைகுண்டராஜன்.

அது உண்மைதான். அன்று யார் யார் அலுவலகத்தில் இருந்தார்கள் என்று பதிவேட்டைக் கேட்டால், எல்லாரும் இருந்தார்கள் என்றுதான் சொல்லும். யார் யார் களத்தில் இருந்தார்கள் என்று தொடரைக் கேட்டால், ராஜையனைத் தவிர எல்லாரும் என்று சொல்லும். ஆக, இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் பதினாறு பேர். ஒரே இடத்தில் மட்டும் இருந்தவர் ஒருவர்.

"தடையை எடுத்துடலாம்லா சார்?" என்று கேட்டார் ராஜையன், குரல் இறங்கி.

"பாட்டுத் தடையை எடுத்தாயிற்று. அது வேறு, இது வேறு" என்றார் சுயம்புராஜ்.

மே முப்பத்தொன்றாம் தேதி பிரிவு உபசார விழா நடந்தது. முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட இருக்கையை விட்டு எழுந்திராதவர் என்று வைகுண்டராஜன் புகழ்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சால்வை போர்த்திய கையோடு உறை ஒன்றையும் கொடுத்தார். படப்பிடிப்பு நாளில் களப்பணிக்குச் செல்லாமல் இருக்கையிலேயே இருந்த குற்றத்துக்காக ஓய்வு பெற அனுமதி மறுக்கப்பட்டு, விசாரணை முடியும் வரை தற்காலிகப் பணிநீக்கம், தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று அதில் இருந்தது. சபிதா கண்ணீரைத் துடைத்தபடி கேக் வெட்டினாள்.

ராகேல் ஒற்றையில் போனாள். பேரன் பிறந்த மறுநாள் செல்போனில் காட்டினாள். குழந்தை வாயைத் திறந்து நீளமாகக் கத்தியது.

"கேட்டியளா? எப்படிப் பாடுகான் பாருங்க."

"சொல்லு இருக்கா அதுல?" என்று ராஜையன் கேட்டுவிட்டார். ராகேல் போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் விசாரணை அலுவலர் வந்தார். நல்ல மனிதர். களப்பணியில் இருந்ததற்கு ஏதாவது ஒரு காட்சி, எந்தத் தொடரானாலும் சரி, ஒரே ஒரு காட்சி இருந்தால்கூடக் கோப்பை முடித்துவிடலாம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பிய சபிதா, ராஜையனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அடுத்த சீரியலுக்கு ஆள் எடுக்காங்க சார். கூட்டத்துல நின்னா முகம் தெரியாது. படுத்துக் கிடந்தா நல்லாத் தெரியும்."

செப்டம்பர் ஒன்பதாம் தேதி கால்வாய் பங்களாவில் ஒரு சாவு வீட்டுக் காட்சி படமாக்கப்பட்டது. அலுவலகம் காலையிலிருந்து பூட்டிக் கிடந்தது. மனு கொடுக்க வந்த விவசாயிகளும் அழுகிற கூட்டத்தில் போய் நின்றார்கள். பிணமாகக் கிடந்தவர் ராஜையன்.