நீலக் கண்ணாடியும் திருப்பிப் பிடித்த தாளும்

டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டை ஒன்பதே நிமிடத்தில் விரட்டும் மகான் வந்துவிட்டார்! அது மூளையின் அமைப்பு, பொறுமையாகப் பயிற்சி வேண்டும் என்பதெல்லாம் படித்தவர்கள் சொல்லும் சாக்கு. மகான் ஓதித் தரும் நீலக் கண்ணாடியை வாங்கி மாட்டினால், எழுத்துகள் கைகட்டி வரிசையில் நிற்குமாம். அரங்கத்தில் எள் போட இடமில்லை. கல்லூரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் குடையோடு சேர்த்து மூளையையும் வாசலிலேயே வைத்துவிட்டு வந்ததால், உள்ளே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மூன்றாம் வரிசையில் ஒரு அம்மா, இரண்டாமாண்டு படிக்கும் அவர் மகள், அவளுக்குக் கல்லூரியில் தனியாகப் பாடம் சொல்லித்தரும் பயிற்சியாளர். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. அக்காவின் பையில் ஒரு படிவம்: தேர்வில் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துச் சொல்ல ஓர் ஆளும் கேட்டு. மாலை ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். போன தேர்வில் கேள்வித்தாளைப் படித்து முடிப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய், இரண்டு பாடமும் போயிற்று. இன்னொரு தடவை போனால் படிப்பே போய்விடும்.

“சலுகை வாங்கினா மக்குன்னு முத்திரை குத்திடுவாங்க,” என்றார் அம்மா. “மகான் சரி பண்ணிட்டா அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்.”

“நீங்க போட்டிருக்கிற கண்ணாடியும் சலுகைதானேம்மா?” என்றார் அக்கா.

“அது வேற!”

எப்படி வேறு என்று அம்மா சொல்ல ஒலிபெருக்கி விடவில்லை. மகானின் அருள்வாக்கு ஓடிக்கொண்டிருந்தது: “ஐயம் என்னும் இருள் விலகுக, அறிவு என்னும் விளக்கு எரிக…” முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் இதே. இருபதாவது சுற்றில் அம்மாவின் உதடே தானாக அசைந்தது.

பிறகு மகான் எழுந்தருளினார். மகளை மேடைக்கு அழைத்து, நீலக் கண்ணாடியை மாட்டி, கையில் ஒரு தாளைக் கொடுத்தார். “படி, மகளே!”

அவள் கடகடவென்று படித்தாள். “ஐயம் என்னும் இருள் விலகுக…” ஓரிடத்திலும் திக்கவில்லை. அம்மா தேம்பித் தேம்பி அழுதார். கூட்டம் கண்ணாடி வாங்கப் பாய்ந்தது.

“ஒரு நிமிஷம்!” அக்கா எழுந்தார். “தங்கம், தாளை அப்படியே திருப்பிப் பிடி. இன்னொரு தடவை படி.”

திருப்பினாள். எழுத்துகள் கூட்டத்தைப் பார்த்தன. வெள்ளைப் பக்கம் அவளைப் பார்த்தது. ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயம் என்னும் இருள் விலகுக…” கடைசிவரை, ஒரு சொல் பிசகாமல்.

“அக்கா, இது காதுல கேட்டது! அப்படியே மனசுல நிக்குது!”

“பாடத்தை ஒலிப்பதிவுல கேளுன்னு ஒரு வருஷமா இதுக்குத்தானேடி தொண்டை கிழியக் கத்தறேன்?”

“சந்தேகப்படுபவர் முன் சக்தி தங்காது!” என்று முழங்கினார் மகான். பாவம், ரொம்பக் கூச்ச சுபாவமுள்ள சக்தி.

“சரி, கண்ணாடியைக் கழட்டாம அது வந்த அந்தப் பெட்டி மேல எழுதியிருக்கிறதைப் படி,” என்றார் அக்கா.

நீலக் கண்ணாடி வழியே மகள் எழுத்தோடு மல்லுக்கட்டினாள். “விற்… விற்ற… பொருள்… திரு… திரும்ப…” அரங்கமே மூச்சடக்கிக் காத்திருந்தது. “திரும்பப்… பெற… மாட்டோம்.”

அன்று அந்த மேடையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது, மகான் பின்வாசல் வழியே அருள்பாலிக்கப் போயிருந்தார்.

மகள் படிவத்தை வாங்கி மெதுவாகக் கையெழுத்திட்டாள். அம்மா தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலரை ஆச்சு. என்னடி நின்னுக்கிட்டு? ஓடு!”

அடுத்த மகான் எந்த நிறத்தில் கண்ணாடி கொண்டுவருவாரோ தெரியாது. எந்த நிறமானாலும், தாளை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள் பெற்றோரே. அதற்குப் படிக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.